"உம்மா இருக்கா தானே?"



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஆண்களும் வாசியுங்கள், குறிப்பாகப் பள்ளிவாசல் நிருவாக சபையில் இருப்பவர்கள்.

பிரசவ லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்பும் நாளில் எங்களிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "பிள்ளய ஆருட்ட உட்டுட்டு வாறீங்க டீச்சர்?" நாங்கள் வாயைத் திறக்க முதல் கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார். "உம்மா இருக்கா தானே."

ஓம், உம்மா இருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்று எழுதுவது எங்கள் பாடசாலையிலும் பக்கத்துப் பாடசாலைகளிலும் கைப்பிள்ளையோடு வேலை செய்யும் ஆசிரியைகள் எட்டுப் பேரை. ஒருவர் எழுதினாலும் எட்டுப் பேரும் வாசித்துத் திருத்திய பிறகுதான் போடுகிறோம். சிலர் பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் யாருடைய பெயரும் இல்லை.

எங்களில் ஒருவரின் உம்மாவுக்கு 63 வயது. சீனி, ப்ரஷர் இரண்டும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிளினிக். காலையில் ஆறரைக்குப் போய் நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து வரிசையில் நின்று வீட்டுக்கு வர லுஹருக்குப் பேங்கு சொல்லிவிடும். மகள் லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்பியது மே மாதம். ஓகஸ்ட் லீவில் அலுமாரியைத் துப்புரவு பண்ணும்போது உம்மாவின் கிளினிக் கொப்பி கையில் அகப்பட்டது. கடைசியாக மருந்து எழுதியிருந்தது ஏப்ரலில்.

"ஏன்மா கிளினிக்குக்குப் போகல்ல?"

"போனா பிள்ளய ஆரு பாக்கிற?"

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும் அதே வருத்தம். அவருடைய குளிசையில் பாதியை வாங்கிக் குடித்து நாலு மாதம் ஓட்டியிருக்கிறார். இடது காலில் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது கல்லில் அடிபட்டதாம். மகள் காணாமல் இருக்க வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. "உம்மா இருக்கா தானே, உங்களுக்கென்ன கவலை" என்று அந்தத் தோழியிடம் நாங்களே எத்தனை தடவை சொல்லியிருப்போம்!

அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருவதுதான் வழக்கம். சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் ஒரே வளவுக்குள் உம்மா வீடு, மகள் வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சி வீடு. அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்க வாப்பாமார் படும் பாடு வேறு பதிவு. ஆனால் பிள்ளை வளர்க்க அந்த வளவு நல்ல வசதி. நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூத்தம்மாவின் இடுப்பிலிருந்து சாச்சியின் இடுப்புக்கு, அங்கிருந்து குமர்ப் பிள்ளைகளின் கைக்கு என்று மாறி மாறித்தான் வளர்ந்தோம். ஒருவர் சமைத்தால் ஒருவர் ஏணை ஆட்டுவார்.

இப்போது அதே வளவுக்குள் போய்ப் பாருங்கள். சாச்சி பிரதேச செயலகத்தில் வேலை. தங்கச்சி ஒலுவில் பல்கலைக்கழகத்தில். பக்கத்து வீட்டு மாமி மகளோடு கட்டாரில். காலை ஏழு மணிக்குப் பிறகு வளவில் மிஞ்சுவது உம்மாவும் பிள்ளையும் மட்டும்தான். "உம்மா இருக்கா தானே" என்று ஊர் சொல்லும்போது அந்தப் பழைய வளவை நினைத்துக்கொண்டு சொல்கிறது. அங்கே இருப்பது முழங்கால் நோவோடு ஒரு மனுஷி.

அந்த மனுஷியும் இல்லாதவர்கள் எங்களில் மூன்று பேர். ஒருவருக்கு உம்மா மௌத்தாகிவிட்டார். ஒருவரின் உம்மாவும் ஆசிரியை, பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கிறது. ஒருவர் முதல் நியமனம் கிடைத்துத் தூரத்திலிருந்து வந்து இங்கே வாடகை அறையில் இருக்கிறார். அவருடைய உம்மா இருப்பது 200 கிலோமீற்றருக்கு அப்பால்.

லீவு தாராளமாகத் தருகிறார்கள்தானே என்று கேட்பவர்களுக்கு: அரச வேலையில் முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, அரச விடுமுறை கழித்துப் பார்த்தால் நாலு மாதத்துக்குக் கிட்ட வரும். தனியார் துறையோடு பார்க்கும்போது இது நல்ல சலுகை, மறுக்கவில்லை. அதற்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளம், அதற்குப் பிறகு 84 நாள் சம்பளமில்லாத லீவு. வங்கிக் கடன் வெட்டுப் போன பிறகு அரைச் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்று கடன் எடுத்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். எட்டுப் பேரில் அரைச் சம்பள லீவை முழுதாக எடுத்தவர் ஒருவர்தான். வாப்பாமாருக்கு அரச சேவையில் கிடைப்பது மூன்று நாள். அது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வரவே முடிந்துவிடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். நாங்கள் நாலு மாதத்தில் வகுப்புக்குப் போகிறோம். பால் எடுத்து வைக்கப் பாடசாலையில் இடம் எங்கே? எங்களில் ஒருவர் மனையியல் அறையின் கதவுக்கு உள்ளே கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு எடுப்பார். போத்தலை வைப்பது அந்த அறையின் ஃப்ரிட்ஜில், தரம் 10 பிள்ளைகள் செய்த ஜெலிக்குப் பக்கத்தில். இன்னொருவருக்கு அந்த வசதியும் இல்லை, மலசலகூடம்தான். மூன்றாம் பாடம் நடக்கும்போது அபாயா நனைந்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிப்பித்த கதையை இங்கே எழுதலாமா என்று யோசித்தோம். பிள்ளை பெற்று வேலைக்குப் போன எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கதைதானே, எழுதுவோம் என்று முடிவெடுத்தோம்.

சரி, உம்மா இல்லாவிட்டால் வேறு என்ன வழி?

வீட்டுக்கு ஒரு ஆளை வைப்பது ஒரு வழி. நம்பிக்கையான ஆள் கிடைத்தால் அதுதான் லேசு. ஆனால் அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்று அவர் வரமாட்டார், எங்களுக்குப் பாடசாலை இல்லை. அவரைக் குறை சொல்லவும் ஏலாது. எங்கள் பிள்ளையைப் பார்க்க வருகிறவர் தன்னுடைய மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறார் என்று நாங்கள் நெடுநாள் கேட்கவில்லை. கேட்டபோது தெரிந்தது, அவருடைய உம்மாவிடம்தான்.

டே கெயார் இன்னொரு வழி. முன்பள்ளிகள் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் மூன்று வயதுக்கு மேல்தான். நாலு மாதத்திலிருந்து மூன்று வயது வரை பிள்ளையை எடுக்கும் இடம் எங்களுக்குக் கிட்டத்தில் இல்லை. டவுனில் ஒன்று இருக்கிறது. இடம் நல்லது, பிள்ளைகளை நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது அலுவலகக்காரர்களுக்காகத் தொடங்கியது. காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். நாங்கள் ஏழரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் ஒன்றரைக்கு விடுபடுகிறோம், கட்டணம் ஐந்து மணி வரைக்கும். மாதம் 15,000 ரூபா, போக வர ஓட்டோ வேறு. பாடசாலை லீவு மாதங்களிலும் முழுக் காசு கட்டாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வகுப்பறைக்குள்ளே பிள்ளையைக் கொண்டு போய்ப் பார்த்தவரும் எங்களில் இருக்கிறார். இரண்டு நாள் நூலக அறையில் பாயில் கிடத்தினார். மூன்றாம் நாள் வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தார்கள். அதோடு அது முடிந்தது.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவரின் கணவர் கடை வைத்திருக்கிறார். காலை பத்தரை வரை கடையை மச்சான் பார்க்க, இவர் பிள்ளையைப் பார்க்கிறார். கழுவுவது, பால் கொடுப்பது, உறங்க வைப்பது எல்லாம். கடைத்தெருவில் இதற்காக அவருக்கு ஒரு பட்டப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டுப் போகிறார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

இனி, இதையெல்லாம் சொல்லும்போது வரும் இரண்டு பேச்சுகள்.

"பிள்ளையைக் கூலிக்கு வளர்க்கக் கொடுப்பதா? இது எங்கட வழக்கமா?" என்று கேட்கிறார்கள். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கைக்குழந்தையாக யாரிடம் வளர்ந்தார்கள் என்பது மத்ரஸாவில் முதல் வருடம் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். பனூ ஸஃது கூட்டத்து ஹலீமா நாயகி. தாய்ப்பால் இரண்டு வருடம் என்று சொல்லும் ஸூரத்துல் பகராவின் 233ஆவது வசனத்தை எங்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார்கள், ஜஸாக்கல்லாஹு ஹைரன். அதே வசனத்தைக் கடைசி வரைக்கும் வாசியுங்கள். தாயும் தகப்பனும் கலந்து பேசி முடிவெடுப்பதும், வேறொரு பெண்ணிடம் பாலூட்டக் கொடுப்பதும், அவருக்குரியதை ஒழுங்காகக் கொடுத்துவிடுவதும் அங்கேதான் இருக்கிறது. விளக்கம் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள், நாங்கள் ஃபத்வா கொடுக்க வரவில்லை. வாசிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மற்றப் பேச்சு: "அப்படிக் கஷ்டமெண்டா ஏன் வேலைக்குப் போற?" இதைச் சொன்ன ஒரு பெரியவர் அதே கிழமையில்தான் எங்கள் அதிபரிடம் வந்தார். தன் பேத்தியின் வகுப்புக்கு ஆண் ஆசிரியரைப் போட்டதாம். பெண் டீச்சர் வேண்டுமாம். அவருடைய விருப்பத்தில் பிழை இல்லை. பிரசவ வாட்டில் பெண் டொக்டர் வேண்டும், ஸ்கேன் எடுக்கப் பெண் வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை வேண்டும். எங்களுக்கும் அதுதான் விருப்பம். அந்தப் பெண்களுக்கு இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் பிள்ளை பிறக்கும். அந்த வயதில்தான் அவர்கள் வேலையிலும் இருப்பார்கள். நாட்டில் அரச பாடசாலை ஆசிரியர்களில் பெரும்பான்மை பெண்கள். அப்படியிருக்க, ஆசிரியையின் பிள்ளை காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை எங்கே இருக்கும் என்பதை மட்டும் அவளுடைய வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடுகிறோம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களோடு மலையகத்திலிருந்து வந்த ஒரு தோழி படித்தார். அவருடைய தாய் கொழுந்து பறிப்பவர். பிள்ளைக்காம்பராவில் வளர்ந்த கதையை ஹொஸ்டலில் இரவிரவாகச் சொல்வார். விடியற்காலையில் அம்மா துணியில் சுற்றிக் கொண்டு போய் ஆயம்மாவிடம் விடுவாராம். இடையில் வந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பிப் போவாராம். இடம் நெருக்கம், கூரை ஒழுகும், ஆயம்மாவுக்கு நல்ல பிரம்படியும் தெரியும் என்று சிரிப்பார். தோட்டத்து வாழ்க்கையை அழகாக்கிச் சொல்ல இதை எழுதவில்லை. பெண்கள் வேலைக்கு வராவிட்டால் கொழுந்து எடுக்க ஏலாது, அதனால் துரைமார் அந்தக் கட்டடத்தைக் கட்டினார்கள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில்கூட பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை இருக்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிக்கும் இடம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இலாபத்துக்காக யோசித்தவர்களுக்கே தோன்றியது, பெண்களின் வேலையை நம்பி நடக்கும் எங்கள் ஊருக்கு இன்னும் தோன்றவில்லை.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. கட்டடம் இருக்கிறது. எங்கள் மஹல்லாவின் குர்ஆன் மத்ரஸா பின்னேரம்தான் நடக்கிறது, அஹதிய்யா ஞாயிற்றுக்கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரை காலை நேரம் அந்த இடம் பூட்டித்தான் கிடக்கிறது. ஃபேன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுற்றுமதிலும் கேற்றும் இருக்கிறது, பாடசாலையிலிருந்து ஐந்து நிமிட நடை. இடைவேளையில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை அந்த இடத்தைத் தாருங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். முதலில் 12 பிள்ளைகள், மூன்று பெண்கள். ஒருவருக்கு நாலு பிள்ளைக்கு மேல் வேண்டாம், கைப்பிள்ளை என்றால் அதுவே கூட. சம்பளம் ஆளுக்கு 30,000. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் அதுதான், அதற்குக் கீழே கொடுத்து எங்கள் பிள்ளையைப் பார்க்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. மூன்று பேருக்கும் 90,000. அதோடு ஈ.பீ.எஃப். 12 வீதம், ஈ.ரீ.எஃப். 3 வீதம், 13,500. மொத்தம் 103,500. பிள்ளைக்கு 9,000 கட்டினால் வருவது 108,000. மிச்சம் 4,500 ரூபா. கரண்ட் பில்லும் சவர்க்காரமும் வாங்க அதுவே காணாது. பாய், ஏணை, கேஸ் அடுப்பு, முதலுதவிப் பெட்டி எல்லாம் வேறு. அந்தக் குறையைத்தான் ஊர் பொறுப்பெடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். முன்பள்ளி ஆசிரியைகள், கடைகளில் நிற்கும் பிள்ளைகள், தையல் வேலைக்குப் போகும் ராத்தாமார் இவர்களால் 9,000 கட்டவும் ஏலாது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்க்கும் முன்பள்ளி டீச்சருக்குத் தன் பிள்ளையை விட இடமில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குப் பாதியை சதகாவிலிருந்து கொடுக்க முடியுமா, ஸகாத் நிதியில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதை உலமாக்கள் சொல்லட்டும்.

இதில் எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் லீவில் காசு கட்டுவதில்லை, வரும் நாளுக்கு மட்டும் கட்டுவோம் என்று எங்களில் ஐந்து பேர் சொன்னோம். டவுன் டே கெயாரில் எங்களுக்குப் பிடிக்காத விசயமே அதுதானே. அப்போது ஒருவர் கேட்டார்: "எங்களுக்கு லீவிலயும் சம்பளம் வருது. அந்த ராத்தாவுக்கு ஓகஸ்ட்ல அடுப்பு எரிய வேண்டாமா?" கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. எங்களுக்கு வசதியாக நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்றால், அந்தக் கூடுதலும் குறைவும் யாருடைய தலையில் விழுகிறது? காலை ஏழு மணிக்கு எங்களுடைய பிள்ளையை வாங்குகிற பெண் பெரும்பாலும் விதவையாக இருப்பார், அல்லது கணவன் விட்டுப் போனவராக. அவருக்குக் கொடுப்பதை தர்மம் என்று ஊர் நினைக்கக் கூடாது. அது அவருடைய கூலி. கடைசியில் முடிவெடுத்தது, வருடம் முழுக்க அவர்களுக்கு ஒரே சம்பளம். நாங்கள் லீவு மாதங்களிலும் கட்டுவோம். அந்த நாட்களில் இடம் சும்மா கிடக்காமல், வேறு வேலைக்குப் போகும் தாய்மார் நாள் கணக்கில் பிள்ளையை விடலாம். அவர்கள் கட்டுவது அடுத்த மாதம் எங்கள் கட்டணத்தில் குறையும். சரிவருமா என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

பயப்பட வேண்டிய விசயங்களும் இருக்கின்றன. கைப்பிள்ளைகள் உள்ள இடத்தில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற ஒழுங்கு வேண்டும். பிள்ளையை ஒப்படைக்கும் பதிவுக் கொப்பி வேண்டும், காய்ச்சல் உள்ள பிள்ளையை எடுக்கக் கூடாது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். தொடங்க முதல் அவர்களைக் கூட்டி வந்து இடத்தைக் காட்டி, சொல்லுவதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். "எங்கட பள்ளி, எங்கட பிள்ளைகள், எதுக்குப் பதிவு" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அதிபர்மாரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இதற்குப் பணம் தேவையில்லை. கைப்பிள்ளை உள்ள ஆசிரியைக்கு முதலாம் பாடத்தைப் போடாதீர்கள். உள்ளே பூட்டக்கூடிய ஒரு அறையும் ஒரு கதிரையும் தாருங்கள். எங்கள் அதிபர் சேர் இந்தத் தவணையிலிருந்து நேரசூசியை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பள்ளிவாசல் நிருவாக சபைக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள். பெண் ஒருவரும் இல்லாத கூட்டத்தில் இதை யார் விளங்கப்படுத்துவார் என்று கேட்டோம். இரண்டு பேர் வந்து பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. அங்கே கொண்டு போக எங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். எட்டுப் பேர் மட்டும் என்றால் "டீச்சர்மார்ர பிரச்சினை" என்று மூடிவிடுவார்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள, வேலைக்குப் போகிற அல்லது இடம் இல்லாததால் வேலையை விட்ட யாராக இருந்தாலும் இன்பொக்ஸில் எழுதுங்கள். பெயர் வெளியே போகாது. பிள்ளையின் வயது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, மாதம் எவ்வளவு கட்ட ஏலும், இப்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள், இந்த நாலும் போதும். பிள்ளை பார்க்கும் வேலைக்கு வர விருப்பமுள்ள ராத்தாமாரும் எழுதுங்கள்.

முதலில் சொன்ன அந்த உம்மாவுக்கு இந்த மாதக் கிளினிக் வாற புதன்கிழமை. அன்றைக்கு மகள் லீவு போட்டிருக்கிறார். அதற்கடுத்த மாதம் எங்களில் இன்னொருவர் லீவு போட்டு அந்தப் பிள்ளையைப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். டிசெம்பர் வரைக்கும் ஆள் போட்டாயிற்று.